கிட்டார் நெக்: செதுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்

வீட்டில் செய்த நெக் (கிட்டாரின் கழுத்துப் பகுதி) வளைந்துபோனால் பலரும் செதுக்கியதில்தான் தவறு தேடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மரத்திலும் வேலை வரிசையிலும் இருக்கும். இங்கே எடுத்துக்கொள்வது 648 மி.மீ. ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), 22 ஃப்ரெட் (சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள்), போல்ட் போட்டு மாட்டும் ஃபெண்டர் பாணி நெக். தலை பின்னால் சாயாததால் ஒரே பலகையில் முடித்துவிடலாம்.

பலகை மேப்பிள்: 700 மி.மீ. நீளம், 100 அகலம், 25 கனம். பக்கவாட்டில் பார்த்தால் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட வேண்டும். தலைக்குப் பக்கத்தில் ரேகை சரிந்து வெளியேறும் பலகையை எடுக்கவே எடுக்காதீர்கள். கிட்டார் ஒருமுறை கீழே விழுந்தால் அங்கேதான் ஒடியும். கூடுதல் அளவு விட்டு அறுத்து, இரண்டு வாரம் காற்றாட நிறுத்திவையுங்கள். வளைய வேண்டியது அதற்குள் வளைந்துவிடும். அதன் பிறகு இழைப்புளி போடுங்கள்.

ஓரங்கள் இணையாக இருக்கும்போதே ட்ரஸ் ராடுக்கு (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகக் கம்பி) காடி வெட்டிவிட வேண்டும். காடி வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தின் தடுப்பு அந்த ஓரத்தைப் பிடித்துத்தான் நேராக ஓடும். இருபக்கமும் இழுக்கும் ராடு என்றால் பொதுவாக 6 மி.மீ. அகலம், 9.5 ஆழம். விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும்; தளர்வாக இருந்தால் வாசிக்கும்போது அதிரும்.

ஃபிங்கர்போர்டுக்கு (நெக்கின் மேல் ஒட்டும், விரல் வைத்து வாசிக்கும் பலகை) 6 மி.மீ. ஈட்டிப் பலகை. உலகமெங்கும் கிட்டார் செய்பவர்கள் நாடும் நம்மூர் மரம் அது. ஃப்ரெட் காடிகளையும் பலகை நீள்சதுரமாக இருக்கும்போதே அறுக்க வேண்டும், மூலைமட்டம் சரியாக உட்காரும். முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் தங்கும் சிறு கட்டை) 36.37 மி.மீ., இரண்டாவது 70.70, ஐந்தாவது 162.55, பன்னிரண்டாவது சரியாக 324. எல்லா அளவையும் நட்டிலிருந்தே எடுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்தால் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி போய்விடும்.

ஒட்டும்போது ராடு காடியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பசை தடவியதும் உரித்துவிடுங்கள். காடிக்குள் பசை இறங்கினால் ராடு திரும்பாது. கிளாம்ப் இறுக்கும்போது பலகை வழுக்கும். ஓரத்தில் இரண்டு சின்ன ஆணி அடித்து நிறுத்துங்கள். பசையின் ஈரத்தில் மரம் உப்பும், அதனால் ஒருநாள் முழுக்கத் தொடாதீர்கள்.

செதுக்குவதில் முதல் வேலை கனம்: முதல் ஃப்ரெட்டில் 21 மி.மீ., பன்னிரண்டில் 23. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 21-இல் ஃபிங்கர்போர்டு 6, காடி 9.5 போனால் ராடுக்கு அடியில் மிஞ்சுவது 5.5 மி.மீ.தான். ஒல்லியான நெக் வேண்டும் என்று ஆசைப்பட்டு 18-க்கு இறங்கினால் 2.5 மிஞ்சும், ராடை முடுக்கும்போது பின்புறம் பிளந்துவிடலாம். இரு இடத்தையும் அளவுக்குக் கொண்டுவந்து இடையில் நேராக இணைத்து, பின்புற ஓரங்களை 45 பாகையில் சீவி, பட்டைகளை மேலும் சீவிக்கொண்டே போனால் உருண்டை தானாக வரும். உப்புத்தாளைக் கடைசியில் எடுங்கள், முன்னமே எடுத்தால் மேடுபள்ளம் மறைந்திருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது ஃப்ரெட் ஏற்றும் வேலை. ஃப்ரெட் கம்பியின் அடித்தகடு (காடிக்குள் இறங்கும் பகுதி) 0.5 மி.மீ. என்றால் காடி அதைவிட ஒரு நூலிழை அகலமாக இருக்கட்டும். தகட்டின் முட்கள் பிடித்துக்கொள்ளும். காடி இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஆப்பாக வேலை செய்யும். 22 ஆப்பும் சேர்ந்து நெக்கைப் பின்னால் வளைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, ராடைத் தளர்த்தி மட்டக்கோலை நெடுகிலும் வையுங்கள். நடுவில் முட்டி இரு முனையிலும் வெளிச்சம் தெரிந்தால் அதுதான். ஃப்ரெட்டுகளைத் தேய்த்து மட்டப்படுத்தும் முன் ராடால் நேராக்கிவிடுங்கள்.