கேட்டதற்கு மட்டும் பதில்

மே 18, ஞாயிறு

அமெரிக்காவில் இறங்கியதும் இமிகிரேஷன் அதிகாரி கேட்பதற்கு மனைவியோடு இன்றும் ஒத்திகை. நான் அதிகாரி, அவள் அவள்தான். "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம். குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணுமில்ல?" என்றாள்.

பி-2 விசா என்பது சுற்றிப் பார்க்கவும் சொந்தபந்தத்தைப் பார்க்கவும் கொடுப்பது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்றால், ஆயா வேலைக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளும் அதிகாரியும் இருப்பார். "மகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி நிறுத்திக்கொள். கேட்டதற்கு மட்டும் பதில்" என்றேன். "அப்ப மீதியை மறைக்கச் சொல்றீங்களா?" என்றாள். மறைக்கச் சொல்லவில்லை, கேட்கவில்லையென்றால் சொல்ல வேண்டாம் என்கிறேன். முப்பது வருடம் ஆபீஸில் ஃபைல் பார்த்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை.

பெற்றவள் பிரசவம் பார்ப்பதை வேலை என்று எந்த ஊரில் சொல்வார்கள்? சரி, அந்த ஊரில் சொல்வார்கள்.

மே 20, செவ்வாய்

மால்கோவா வந்துவிட்டது. நல்ல பழம். வாங்கவில்லை.

மே 21, புதன்

வாங்கிவிட்டேன். என் அம்மாவுக்கு இரண்டு துண்டு மசித்துக் கொடுத்தோம். அமெரிக்காவில் இருக்கும் பெரிய மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு பேக்ல போட்டு அனுப்புங்கப்பா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் இவள் அதை நிஜமாக எடுத்துக்கொண்டு, துணியில் சுற்றினால் வாசம் வெளியே வராது என்று யோசனை சொல்கிறாள்.

நம் மாம்பழத்தை அமெரிக்காவுக்குள் விட ஆரம்பித்ததே 2007-இல்தான். அதுவும் கதிர்வீச்சில் காட்டி, பூச்சியைச் செயலிழக்கச் செய்து, பெட்டி பெட்டியாக வியாபாரிகள் அனுப்புவது. பெட்டிக்குள் சேலைக்கு நடுவே போகும் பழத்துக்கு அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அந்த இலையில் ஒட்டிவரும் பூச்சி ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நோயைக் கொண்டுபோய்விடும். இதை விளக்கினேன். "கறிவேப்பிலை இல்லாம அந்தப் புள்ள என்னத்தச் சாப்பிடும்?" என்றாள்.

மே 22, வியாழன்

தூக்கம் வரவில்லை. இரவு ஒரு மணிக்கு இவளுடைய போனை எடுத்து வாட்ஸாப்பைப் படித்தேன்.

மார்ச்சில் பெரியவள் எழுதியிருக்கிறாள்: "அம்மா வந்துட்டா டேகேர் செலவு மிச்சம், ஆறு மாசம் கவலையில்லை." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. இவள் பதிலுக்குக் கும்பிடு போட்டிருக்கிறாள்.

அங்கே எல்லை அதிகாரிகள் போனை வாங்கிப் பார்க்கலாம், அதற்குக் கோர்ட் உத்தரவு தேவையில்லை. எல்லோருடையதையும் பார்ப்பதில்லை, நூற்றில் ஒருவரைக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஒருவர் இவளாக இருந்தால்? டேகேர், செலவு, மிச்சம் எல்லாம் ஒரே வரியில் இருக்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு இளவட்ட அதிகாரி இவளைத் தனி அறையில் உட்காரவைத்துக் கேட்பது கண்ணுக்குள் ஓடியது. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அழித்தால் அது மறைத்ததாகிவிடாதா? இவள் வேறு, கேட்டால், "என் வீட்டுக்காரர் அழிச்சிட்டார்" என்றே சொல்லிவிடுவாள். சொல்லக்கூடியவள்தான்.

இரண்டு மணிக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தேன். மறுபடியும் போன். மூன்று மணிக்கு அதை இருந்த இடத்திலேயே வைத்தேன். அந்த வரி அப்படியே இருக்கிறது.

மே 25, ஞாயிறு

ரேஷன் கடை. மெஷினில் இவளுடைய விரல் இன்றும் விழவில்லை. வலது, இடது, கட்டைவிரல், எண்ணெய் தடவி, துடைத்து, எல்லாம் பார்த்தாயிற்று. கடைக்காரத் தம்பி, "அம்மா, உங்க ரேகையெல்லாம் பாத்திரத்தோட போயிடுச்சு" என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அடிவயிற்றில் பிசைந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இப்போது அங்கே முக்கியமாக முகத்தைத்தான் பார்க்கிறார்களாம். கேமரா ஒரு படம் எடுத்து, விசாவுக்குக் கொடுத்த படத்தோடு ஒப்பிடுகிறது. முதல் தடவை போகிறவர்களிடம் கைரேகையும் வாங்குவதுண்டு. முகம் என்றதும் நிம்மதியாக இருந்தது, அரை மணி நேரத்துக்கு. விசா படத்தில் இவளுக்குத் தலை முழுக்க நரை. போன வாரம்தான் தங்கச்சி மகள் வந்து சாயம் பூசிவிட்டுப் போனாள்.

மே 26, திங்கள்

மாப்பிள்ளை போனில் சிரிக்கிறார். கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தைத்தான் கம்ப்யூட்டர் அளக்குமாம், முடியை இல்லையாம். மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மே 28, புதன்

காலண்டரில் கத்திரி முடிந்தது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மே 30, வெள்ளி

சக்கர நாற்காலிச் சண்டை. டிராவல்ஸ்காரர் தானாகவே போட்டுக் கொடுத்துவிட்டார். "தனியாப் போற அம்மாக்கள் எல்லாருக்கும் போட்டுருவேன் சார். துபாய்ல கேட் மாறுறது, சிகாகோல வரிசை, எல்லாத்துக்கும் கூடவே ஆள் வரும்" என்றார். நடக்க முடிந்தவர்கள் நாற்காலி கேட்பதால் நிஜமாகவே முடியாதவர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. அது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் ரத்து செய்யச் சொல்லவில்லை. இங்கிலீஷ் பலகைகளுக்கு நடுவே இவள் தனியாக நிற்பதை நினைத்தால் நியாயம் எல்லாம் அப்புறம்தான்.

"எனக்குக் காலு இருக்கு. நாற்காலில உட்கார்ந்து போய் பொண்ணு முன்னாடி இறங்கினா வயித்துப் புள்ளக்காரி பயந்துர மாட்டாளா?" என்கிறாள். சாயந்திரம் முழுக்கப் பேச்சில்லை. அம்மா உள்ளிருந்து, "யாருக்குடா சாமி நாற்காலி? எனக்கா?" என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

பெட்டி எடை பார்த்தோம். 23 கிலோ, இன்னொன்று 22.4. ஜவ்வரிசி வடாம், பருப்புப் பொடி, ஏற்காட்டுக் காப்பிப்பொடி, பிரசவ மருந்துப் பொட்டலம், பழைய வேட்டியைக் கிழித்த துணி. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு கைப்பையில். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, விலை மட்டும் பெரிய ஆளுக்கு.

ஃபைலும் கைப்பையில்தான். பெட்டி கைக்கு வருவது இமிகிரேஷன் முடிந்த பிறகு. ஃபைலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அதிகாரி முன்னால் வெறுங்கையோடு நிற்பவர்கள் உண்டாம். திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ், பெரியவள் கடிதம், நேப்பர்வில் வீட்டு முகவரி. போன் நம்பரைப் பேப்பரில் எழுதி வைத்தேன். அந்த ஹாலில் போனை எடுக்கக் கூடாது. 10,000 டாலருக்கு மேல் இருந்தால் சொல்ல வேண்டும் என்று படித்துக் காட்டினேன். இவளிடம் இருப்பது 300. அதை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருக்கிறாள்.

கடைசி ஒத்திகை வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

பெங்களூரு போய்த் திரும்பியாயிற்று. நேற்று சாயந்திரம் கிளம்பினோம். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து ஒரு மணி நேரம் நின்றோம். அதுவரை நான் பயந்ததெல்லாம் சிகாகோவைப் பற்றித்தான், தொப்பூரை மறந்தே போயிருந்தேன். ஏர்போர்ட்டில் நமக்கு வாசல் வரைதான். உள்ளே மூங்கிலும் செடிகொடியும் தொங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. துப்பாக்கியோடு நின்றவர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து இவளை விட்டார். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். டிராலி இழுத்துக்கொண்டு போனதில் மறந்துவிட்டாள்.

துபாயிலிருந்து ஒரு குரல் செய்தி: "வந்துட்டேன். இங்கயும் பையைச் செக் பண்றாங்க. உள்ளுக்குள்ளயே ரயில் ஓடுதுங்க." நாற்காலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 4, புதன், விடியவில்லை

1.20. ஆப்பில் விமானம் கனடாவுக்கு மேல். நேர்கோட்டில் போகாமல் வடக்கே ஏன் இவ்வளவு வளைகிறது என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். உருண்டையில் அதுதான் குறுக்கு வழி.

2.05. இறங்கிவிட்டது. அங்கே மத்தியானம் மூன்றரை. ஐந்தாம் டெர்மினல்.

2.40. ஒன்றும் இல்லை. அம்மாவைத் திருப்பினேன்.

3.15. மாப்பிள்ளை வெளியே நிற்கிறார். அதே விமானத்தில் வந்தவர்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்களாம். இதை ஏன் என்னிடம் சொல்கிறார்?

3.50. டேகேர் செலவு மிச்சம். டேகேர் செலவு மிச்சம். அழித்திருக்கலாம்.

4.10. இங்கிலீஷ் வராவிட்டால் தமிழுக்குப் போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள், பயப்படாமல் தமிழ் என்று சொல் என்று சொல்லியிருந்தேன். இப்போது அதுதான் பயம். தமிழில் பேசவிட்டால் இவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

4.35. போட்டோ வந்தது. மாப்பிள்ளை அனுப்பியது. சிரித்துக்கொண்டிருக்கிறாள். சக்கர நாற்காலியில்.

ஜூன் 4, இரவு

பேசினாள். தாமதத்துக்குக் காரணம் அதிகாரி இல்லை, நாற்காலி. விமானத்தில் கடைசியாக இறக்குவது நாற்காலிக்காரர்களைத்தான். அவர்கள் அத்தனை பேர், தள்ளுகிறவர்கள் நாலைந்து பேர். ஒரு மூலையில் வரிசையாக விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். "பக்கத்துல ஒரு குஜராத்தி அம்மா. நல்லாப் பேசிக்கிட்டிருந்தோம்." என்ன மொழியில் என்று கேட்கவில்லை.

விரல்? "வச்சேன், விழுந்துருச்சு." முகம்? "எடுத்தாங்க." போனைப் பார்த்தார்களா? "என் போனை எதுக்குப் பார்க்கணும்?"

கறிவேப்பிலை கொண்டுபோயிருக்கிறாள். பொடிப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு கொத்து. சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டதும் வடாம் முதல் கறிவேப்பிலை வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். தனி மேஜைக்கு அனுப்பிப் பெட்டியைத் திறந்து, அந்தக் கொத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். தானாகச் சொன்னதால் அபராதம் இல்லை. "வடாமைத் தட்டிப் பார்த்துட்டுக் குடுத்துட்டாருங்க, நல்ல பையன்."

எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு என்ன சொன்னாய்?

"என்னமோ கேட்டார், என்னமோ சொன்னேன்."

ஜூன் 5, வியாழன்

மறுபடி கேட்டேன். "ஏங்க அதையே கேக்கறீங்க? உள்ள விட்டுட்டாங்கல்ல?" என்றாள். பின்னால் பெரியவள் சிரிக்கும் சத்தம்.

ஜூன் 6, வெள்ளி

எதுவரை தங்கலாம் என்று பதிந்திருக்கும் ஐ-94-ஐ இணையத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லி மாப்பிள்ளையை நேற்றிலிருந்து நச்சரித்து இன்று வாங்கினேன். பெயர், பாஸ்போர்ட் எண் சரி. டிசம்பர் 2 வரை. விசா பத்து வருடத்துக்கு இருந்தாலும் கணக்கு இந்தத் தேதிதான். பெரியவள் மெதுவாக ஆரம்பிக்கிறாள்: நீட்டிக்க ஒரு மனு இருக்கிறதாம், முன்கூட்டியே போட்டால் போதுமாம், எதிர் வீட்டு ஆந்திரா அம்மாவுக்குக் கிடைத்ததாம். டிசம்பர் 2-க்கு மேல் ஒரு நாளும் கூடாது என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள், பதில் இல்லை.

அம்மாவுக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல். 101. டாக்டர் ஏழு மணிக்கு வருகிறேன் என்றார்.