தாவோ நூல்கள்: எங்கே தொடங்குவது, எந்த உரையோடு படிப்பது

சீனத்தின் தாவோ மரபைப் படிக்க நினைப்பவர்கள் முதலில் வாங்குவது லாவோ ட்சுவின் பெயரால் வழங்கும் தாவோ தே ஜிங். நல்ல தேர்வுதான். ஆனால் பலர் முதல் அதிகாரத்தின் முதல் வரியிலேயே சிக்கி, "புரியாமல் இருப்பதுதான் தாவோ போலிருக்கிறது" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். உரையை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் படிப்பதால் வரும் வினை இது. பரிமேலழகர் கையில் ஒரு குறளும் மணக்குடவர் கையில் இன்னொரு குறளும் ஆகிவிடுவது நமக்குத் தெரியும். லாவோ ட்சுவிலும் அதேதான் நடக்கிறது.

நூல் சிறியது. சுமார் 5,000 சீன எழுத்துகள், 81 அதிகாரங்கள். 1 முதல் 37 வரை தாவோ (வழி) பகுதி, 38 முதல் 81 வரை தே (உள்ளாற்றல்) பகுதி. லாவோ ட்சு என்ற ஒருவரே எழுதியதாக மரபு சொல்கிறது. மண்ணுக்கடியில் கிடைத்த படிகளோ நூல் படிப்படியாகத் திரண்டதைக் காட்டுகின்றன. 1973இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய்யில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து பட்டில் எழுதிய இரண்டு படிகள் கிடைத்தன. இரண்டிலுமே தே பகுதிதான் முன்னால் இருக்கிறது. 1993இல் ஹூபெய் மாநிலத்தின் குவோதியனில் கிடைத்த மூங்கில் சுவடிகள் இன்னும் பழையவை, கி.மு. 300ஐ ஒட்டியவை. மூன்று கட்டுகள், இன்றைய நூலில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான் அவற்றில் உண்டு.

இது வெறும் தொல்லியல் செய்தி அல்ல, பொருளையே மாற்றுகிறது. வழக்கமான பதிப்பின் 19ஆம் அதிகாரம் கன்பூசியர்கள் போற்றும் அன்பையும் அறத்தையும் "விட்டொழி" என்கிறது. குவோதியன் சுவடியில் அந்தத் தாக்குதல் இல்லை. அந்த இடத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. லாவோ ட்சு தொடக்கத்திலிருந்தே கன்பூசியருக்கு எதிரி என்று இந்த அதிகாரத்தை வைத்து வாதிடுவது இனிச் செல்லாது.

இன்னொன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பழைய சீனத்தில் நிறுத்தக்குறி கிடையாது. முதல் அதிகாரத்தில் "எப்போதும் - இன்மை - விருப்பம் - கொண்டு - அதன் நுட்பத்தைக் காண்" என்ற வரிசையில் ஒரு தொடர் வருகிறது. விருப்பத்துக்குப் பின் நிறுத்தினால் "விருப்பமின்றி இருந்தால் அதன் நுட்பத்தைக் காணலாம்." உரையாசிரியர் வாங் பி (226–249) படித்தது இப்படி. இன்மைக்குப் பின் நிறுத்தினால் "என்றும் உள்ள இன்மை, அதைக் கொண்டு நுட்பத்தைக் காண விரும்புகிறோம்." சோங் காலத்து வாங் அன்ஷி பிரித்தது இது. பல நூற்றாண்டு வழக்கு. மாவாங்துய் படிகளில் விருப்பத்துக்கு அடுத்தாற்போல் "யே" என்ற முடிப்பு இடைச்சொல் நிற்கிறது. அந்த ஓர் எழுத்து வாங் பி பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

உரைகளில் குறைந்தது இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வாங் பி, ஹெஷாங் கோங். "பள்ளத்தாக்கின் ஆவி சாவதில்லை" என்று தொடங்கும் 6ஆம் அதிகாரத்தை எடுங்கள். வாங் பிக்குப் பள்ளத்தாக்கு என்பது நடுவே உள்ள வெறுமை, உருவமோ நிழலோ இல்லாதது. ஹெஷாங் கோங் அதே எழுத்துக்கு "பேணி வளர்த்தல்" என்று பொருள் கொள்கிறார். ஐந்து உள்ளுறுப்புகளில் உறையும் ஆவிகளைப் பேணினால் சாவில்லை என்கிறார். அடுத்து வரும் "கருமை" அவருக்கு மூக்கு, "பெண்மை" வாய். ஒருவர் தத்துவம் எழுதுகிறார், மற்றவர் மூச்சுப் பயிற்சி எழுதுகிறார். எந்த உரையைத் தழுவியது என்று சொல்லாத மொழிபெயர்ப்பில் இந்த இரண்டும் கலந்து குழம்பிக் கிடக்கும்.

"தாவோ"வை எப்படிப் பெயர்ப்பது என்ற கேள்வியும் பழையது. 647இல் காமரூப (இன்றைய அசாம்) அரசருக்காக இந்த நூலைச் சமஸ்கிருதத்தில் ஆக்கும்படி தாங் பேரரசர் பௌத்தத் துறவி சுவான்ஸாங்குக்குக் கட்டளையிட்டார். உடனிருந்த தாவோ அறிஞர்கள் "போதி" என்று பெயர்க்கச் சொன்னார்கள். சுவான்ஸாங் "மார்க்கம்" என்பதில் உறுதியாக நின்றார். நாம் "வழி" என்று எழுதும்போது அவர் பக்கம்தான் நிற்கிறோம்.

என்னைக் கேட்டால், தாவோ தே ஜிங்கைவிட, ஆசிரியர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஜுவாங் ட்சுதான் பெரிய நூல். இன்றுள்ளது 33 அதிகாரங்கள்: உள் 7, வெளி 15, கலவை 11. கி.பி. 312இல் இறந்த குவோ சியாங் சுருக்கித் தொகுத்த வடிவம் இது. ஹான் காலப் பட்டியலில் 52 இருந்தன. உள் ஏழிலிருந்து தொடங்குங்கள், ஆனால் இரண்டாம் அதிகாரத்தில் தொடங்க வேண்டாம், மொழி பற்றிய வாதம் மிகக் கடினம். மூன்றாவதில் டிங் என்ற சமையற்காரர் மாடு அறுக்கும் இடம் சரியான வாசல். சாதாரண சமையற்காரர் வெட்டி முறிப்பதால் மாதம் ஒரு கத்தி. நல்ல சமையற்காரர் அறுப்பதால் ஆண்டுக்கு ஒன்று. டிங்கின் கத்திக்கு 19 ஆண்டு, ஆயிரக்கணக்கான மாடுகள் கண்டது, இன்னும் சாணையிலிருந்து எடுத்ததுபோல் இருக்கிறது. மூட்டில் இடைவெளி இருக்கிறது, கத்தி முனைக்குத் தடிமன் இல்லை, இடம் தாராளம். முடிச்சான இடம் வந்தால் அவர் கண்ணை ஊன்றி, வேகத்தைக் குறைத்து, கத்தியை இம்மியளவே நகர்த்துகிறார். தாவோ நூல்கள் சொல்லும் "வூ வெய்" (செயலின்மை) என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

லியே ட்சு எட்டு அதிகாரம், கதைகள் இனிமையானவை. அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

இதோடு நிறுத்துபவர்கள் மரபின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள். 1445இல் மிங் அரசு அச்சிட்ட தாவோ ஸாங் தொகுப்பு 5,305 சுருள்கள். 1607இல் இன்னும் 180 சேர்ந்தன. அதைத் திறந்தால் முதலில் வருவது லாவோ ட்சு அல்ல. லிங்பாவ் மரபின் துரென் ஜிங், உயிர்களைக் கடைத்தேற்றும் ஓதல் நூல். 61 சுருள்களில் முதல் சுருள்தான் பழைய மூலம். இவை அமர்ந்து படித்து முடிக்கும் நூல்கள் அல்ல, சடங்கில் ஓதுவதற்கானவை. ஹுவாங்திங் ஜிங்கும் அப்படித்தான்: ஏழேழு எழுத்தாக அடி அமைந்த பாடல், உடலுக்குள் உறையும் தெய்வங்களை மனத்தில் நிறுத்தி ஓத வேண்டியது.

ரசவாத நூல்களில் கவனம் தேவை. கே ஹோங்கின் (283–343) பாவ்பூ ட்சு, உள்பகுதி 20 அதிகாரம், உண்மையாகவே உலையும் மூசையும் பற்றிப் பேசுகிறது. 1075ஐச் சேர்ந்த சாங் போதுவானின் வூசென் பியென் அதே ஈயம், ரசம், புலி, நாகம் என்ற சொற்களை உடலுக்குள் நடக்கும் பயிற்சிக்குப் பரிபாஷையாக ஆள்கிறது. சித்தர் பாடல் படித்தவர்களுக்கு இது பழகிய பொறி. பாவ்பூ ட்சுவைப் படித்து எதையும் செய்து பார்க்கக் கூடாது. அதன் மருந்துகளில் சேரும் சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கூடியது; தாங் பேரரசர்கள் சிலர் இப்படிப்பட்ட மருந்துகளை உண்டு மாண்டார்கள்.

மொழிபெயர்ப்பு வாங்கும்போது கடையிலேயே ஐந்து நிமிடம் செலவிடுங்கள். வாங் பி பதிப்பா, மாவாங்துய் படியா என்று முன்னுரையில் இருக்கிறதா? 6ஆம் அதிகாரத்தில் எந்த உரை வழி என்று குறிப்பு உண்டா? 19ஆம் அதிகாரத்தில் குவோதியன் பாடபேதம் அடிக்குறிப்பிலாவது வருகிறதா? மூன்றும் இல்லையென்றால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.