மைனரின் கிரவுன் மாற்றம்: 41 பல் போய் 38 பல்

என்னுடைய பழைய கார் மோரிஸ் மைனர் 1000. அதில் இருப்பது 948 சிசி எஞ்சின். புதிதாக இருந்த காலத்திலேயே 37 குதிரைத்திறன்தான். மணிக்கு 50 மைலில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,250 சுற்றுச் சுற்றும். வண்டி அதைத் தாங்கும். உள்ளே இருப்பவர்கள்தான் கத்திப் பேச வேண்டும். பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் சக்கரத்துக்கு 41 பல், அதை ஓட்டும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கு 9, வகுத்தால் 4.555; கிரவுன் ஒரு முறை சுற்றப் பினியன் அத்தனை முறை சுற்ற வேண்டும். 1962-இல் வந்த 1098 சிசி மைனரில் இது 38-க்கு 9, அதாவது 4.22. விகிதம் குறைந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். அந்தத் தொகுதி என் பின் அச்சின் கூடான ஹௌசிங்கில் அப்படியே பொருந்தும்.

பிந்தைய எம்ஜி மிட்ஜெட் காரின் 3.9 விகிதத்தின் மீதும் ஒரு கண் இருந்தது. கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிட்டது. இந்த வண்டியின் உச்ச வேகம் 73 மைலை ஒட்டியது. அந்த வேகத்தில் எஞ்சின் 4,750 சுற்றில் நிற்கிறது. 37 குதிரைத்திறனும் கிடைப்பது சரியாக அங்கேதான். செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பல் வெட்டவில்லை. விகிதத்தைக் குறைத்தால் வேகம் கூடிவிடாது, சத்தம்தான் குறையும். 3.9 போட்டால் எதிர்க்காற்று அடித்தாலே மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கும்.

"4.22தான், சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு பழைய தொகுதியை வாங்கி வந்தேன். அக்காள் மகன் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டே பல்லை எண்ணினான். "மாமா, நாற்பத்தொன்று வருகிறது." நான் எண்ணினேன். எனக்கும் நாற்பத்தொன்றுதான். அதைத் திருப்பிக் கொடுத்ததில் பத்து நாள் போயிற்று.

அடுத்ததைப் பணம் கொடுக்கும் முன்பே சோதித்தேன். கிரவுன் சக்கரத்தின் ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் கோடு, பினியனின் வெளிமுனைத் தட்டான ஃபிளேஞ்சில் இன்னொரு கோடு. ஃபிளேஞ்சைக் கையால் மெல்லச் சுழற்றினேன். நான்கு சுற்று முடிந்து, கால் சுற்றுக்குக் கொஞ்சம் முன்பாகவே கிரவுன் சக்கரத்தின் கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிட்டது. 4.555 ஆக இருந்திருந்தால் அரைச் சுற்றையும் தாண்டியிருக்கும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்க்கப்பட்டவை; ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும். ஆகவே எதையும் பிரிக்காமல், இரண்டையும் தாங்கும் கேரியரோடு முழுதாக மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

கழற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எண்ணெயை வடித்து, பிரேக் டிரம்களைக் கழற்றி, சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு ஆக்சில் ஷாஃப்டுகளையும் வெளியே இழுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டுகளை எடுத்தால் கேரியர் முன்பக்கமாக வந்துவிடும். வந்தது, நேராக என் நெஞ்சின் மேல். புதியதை ஏற்றும்போது ஜாக்கின் மேல் பலகை வைத்துத் தூக்கினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பிறகு புது கேஸ்கட், 0.85 லிட்டர் ஹைப்பாய்ட் 90 கியர் எண்ணெய்.

முதல் ஓட்டம் முடிந்து வந்து பார்த்தால் வலது பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது. ஆக்சில் ஷாஃப்டின் காகித கேஸ்கட்டை நான்தான் அவசரத்தில் மடக்கி வைத்துவிட்டேன். எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூக்களைத் தூக்கி எறிந்து புதிது போட்டேன். இந்த வேலையிலேயே அதிகம் வலித்த இடம் இதுதான்.

இப்போது 50 மைலில் 3,000 சுற்றை ஒட்டிப் போகிறது. வித்தியாசம் வெறும் 240 சுற்று; காதுக்கு அதைவிட அதிகமாகத் தெரிகிறது. அந்த வேகத்தில் கதவில் எழுந்துகொண்டிருந்த அதிர்வு காணவில்லை. இழுவையில் ஏழு சதவீதம் போனது மேட்டில் தெரிகிறது: முன்பு டாப் கியரிலேயே முக்கி முனகி ஏறிய ஒரு நீண்ட மேட்டில் இப்போது பாதியிலேயே மூன்றாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது கிளட்சைச் சற்று அதிகம் பிடித்து விடுகிறேன். நாலு பேரும் சுமையும் ஏற்றி இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

ஸ்பீடோமீட்டர்தான் பாக்கி. அதன் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் பின்னால் பல் குறைந்தது அதற்குத் தெரியாது. முள் 46 காட்டும்போது வண்டி 50-இல் போகிறது. மீட்டரைக் கழற்றித் திருத்தும் வரை டயலுக்குக் கீழே "46 என்றால் 50" என்று மருமகன் எழுதி ஒட்டிய காகிதத் துண்டு இருக்கிறது.