பெயரில்லாத ஆறு டிரம்களும் என் ஏழு மாதங்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே, கடலோர நகராட்சி ஒன்றின் பணி யார்டில், அபாயகரப் பொருள்கள் வைத்திருந்த பழைய கிடங்கைக் காலி செய்யும் வேலை சென்ற ஆண்டு என் தலையில் விழுந்தது. மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏழு மாதம் ஆயிற்று. பழைய பேட்டரிகள், டியூப்லைட்டுகள், களைக்கொல்லிக் கேன்கள் எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. தாமதம் முழுவதும் பெயர்ச்சீட்டு இல்லாத ஆறு டிரம்களால் வந்தது.

கணக்கெடுத்த முதல் நாளே ஒன்றைப் பார்த்து வியர்த்துப் போனேன். நீச்சல் குளத்துக்கான குளோரின் தூள் வாளிகளுக்கு நேர் மேல்தட்டில் பிரேக் ஆயில் டப்பாக்கள் இருந்தன. அந்தத் தூளில் இருக்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் பிரேக் ஆயிலும் கலந்தால் தீக்குச்சியே தேவையில்லை, சிறிது நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரு டப்பாவின் அடியில் துரு ஓட்டை. கசிந்த ஆயில் தட்டின் விளிம்புவரை வந்து கட்டைவிரல் அகலக் கறையாக நின்றிருந்தது. அதற்குக் கீழே இருந்த வாளியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. போதாக்குறைக்கு, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று யாரோ தரையெங்கும் மரத்தூளைத் தூவியிருந்தார்கள். குளோரின் தூளுக்கு அது விறகு. அன்று மாலைக்குள் இரண்டையும் தனித்தனி அறைகளுக்கு மாற்றினோம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனுக்கு வடக்கே கார்னுபியாவில் வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்து, நச்சு நீர் கடல்வரை போய்க் கடற்கரைகளை மூட வைத்ததைப் பார்த்த ஊரில் இதை விளக்கத் தேவையிருக்காது என்று நினைத்தேன். என் மேலாளருக்கு விளக்க வேண்டியிருந்தது.

"நம்மிடம் 80 கன மீட்டர்கூட இல்லையே, விதி நமக்குப் பொருந்தாது" என்பதே அவருடைய வாதம். அந்த 80 கன மீட்டர், கழிவுச் சேமிப்புக்கான 2013-ஆம் ஆண்டுத் தரநிலைகளில் வரும் வரம்பு. அதே ஆண்டு வந்த கழிவு வகைப்படுத்தல் விதிகளில், கழிவு உருவான 180 நாட்களுக்குள் அதை வகைப்படுத்தியாக வேண்டும். நம் கிடங்கு சிறியது என்பது அங்கே செல்லாது. இதை அவர் ஒப்புக்கொள்வதற்குள், உள்ளே இருப்பது என்ன, அதில் என்ன ஆபத்து என்று சொல்லும் தரவுத்தாள் இல்லாத ஆறு டிரம்களை ஏற்ற மறுத்து ஒப்பந்ததாரரின் லாரி திரும்பிப் போயிற்று. வெறுமனே வந்து போனதற்கும் முழு வாடகை கொடுத்தோம்.

அடுத்த தவறு என்னுடையது. ஒரு டிரம்மிலிருந்து மாதிரி எடுத்து, கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி, டர்பனிலுள்ள ஆய்வகத்துக்குக் காரோட்டிப் போனேன். போய்ச் சேர்வதற்குள் பாட்டில் வெளுத்துச் சுருங்கத் தொடங்கியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கவே இல்லை: கண்ணாடிப் பாட்டில், டெஃப்லான் உள்ளுறை வைத்த மூடி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கையெழுத்திட்ட படிவம், இவை மூன்றும் வேண்டும் என்றார். முதலில் ஒரு போன் செய்திருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். "இதில் எதைத் தேட வேண்டும்?" என்றும் கேட்டார், எல்லாவற்றையும் தேடினால் எங்கள் பட்ஜெட் தாங்காது.

அதற்குப் பதில் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் கிடைத்தது. எங்கள் யார்டில் முன்பு ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணா ஒருவர் அங்கே இருக்கிறார். டிரம்களின் புகைப்படங்களைக் கண்ணுக்கு அருகே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மஞ்சள் வழிஞ்சிருக்குதே தம்பி, இந்த நாலும் ரோட்டுல கோடு போடுற மெஷினைக் கழுவுன தின்னர். இது பழைய டீசல். அந்த நசுங்குனது ஃபோர்க்லிஃப்ட் இடிச்சது, உள்ள டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்" என்றார். எனக்குச் சொரேல் என்றது. அந்த நசுங்கிய டிரம்மைத்தான், எப்படியும் எண்ணெய்தானே என்று, மறுசுழற்சிக்குப் போகும் கழிவு எண்ணெய்த் தொட்டியில் கொட்டிவிட மேலாளர் சொல்லியிருந்தார். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்கக்கூடும். ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அது தனி வகைக் கழிவு, கலந்திருந்தால் தொட்டி முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும். சோதனையில் அந்த வரம்புக்கு மிகக் கீழேதான் வந்தது. ஆனாலும் சோதிக்காமல் கொட்டாததை நினைத்து, அன்று மேலாளரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள், பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாமல் டிரம்மின் உடலில் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறிவிடும், எங்கள் ஆறில் இரண்டுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. மூடி உப்பிய டிரம்மைத் திறக்கவும் வேண்டாம், உருட்டவும் வேண்டாம். அதை உள்ளே வைத்து மூடும் பெரிய மீட்பு டிரம்மை ஒப்பந்ததாரரே கொண்டுவருவார், ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

இரண்டாம் முறை வந்த லாரி ஆறையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. கழிவு யாரிடமிருந்து யாரிடம் போனது என்று பதியும் கைமாற்றுச் சீட்டுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் தனிக் கோப்பு போட்டிருக்கிறேன். அதில் ஐந்து டிரம்களின் அகற்றல் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஆறாவது இன்னும் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் போன் செய்துகொண்டிருக்கிறேன்.