எங்கள் பூத் எப்படி ஓட்டுப் போட்டது: படிவம் 20-ஐத் தேடிப் படித்த அனுபவம்

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருக் குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலந்து வந்தது. ஏரியாவில் செல்வாக்குள்ள ஒரு கட்சிக்காரரிடம் அம்மாவும் நானும் போய்ச் சொன்னோம். எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க பூத்துல எங்களுக்கு எவ்ளோ விழுந்துச்சுன்னு தெரியும்மா. அப்ப எங்க ஞாபகம் வரல இல்ல?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "நாம எதுல அழுத்துனோம்னு மிஷினு சொல்லிடுமாடி?" விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு தேர்தல்கூட விடாமல் ஓட்டுப் போடுகிறவர். அவர் குரலில் இருந்த பயம் எனக்குப் பொறுக்கவில்லை. சரி, அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன்.

விடை படிவம் 20. தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் இறுதி முடிவுத் தாள் அது. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரிசை. அதில் எந்த வேட்பாளருக்கு எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை என்று இருக்கும். தபால் வாக்குகள் தனியே வரும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

கிடைப்பது சுலபம், படிப்பதுதான் கஷ்டம். முதலில் பூத் ஸ்லிப்பில் பாகம் எண்ணைப் பார்த்தேன். அப்புறம் வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பாகத்தில் எந்தெந்தத் தெருக்கள் வருகின்றன என்று அங்கே போட்டிருக்கும். எங்கள் தெருவோடு வேறு தெருக்களும் அதே பூத்தில் இருந்தன. அதைப் பார்த்தபோதே பாதி பாரம் இறங்கியது. எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்று அந்தத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது. வீடு வீடாகச் சொல்வது பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்து ஒரு தவறு செய்தேன். ஒரே எண்ணை எல்லாத் தேர்தல்களிலும் தேடி ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன். வாக்காளர்கள் கூடினால் பூத்தைப் பிரிப்பார்கள், எண் மாறிவிடும். ஒப்பிட நினைப்பவர்கள் எண்ணை நம்பாமல் தெருப் பட்டியலையும் பள்ளியின் பெயரையும் பொருத்திப் பாருங்கள்.

எங்கள் சட்டமன்றத் தொகுதி ஆர்.கே.நகர். இந்தத் தொகுதிக்காரர்களுக்கு இன்னொரு சோதனை 2017 டிசம்பர் இடைத்தேர்தல் தாள். மொத்தம் 59 வேட்பாளர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்பதுதான் வரிசை. குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் அப்போது சுயேச்சை என்பதால், அவருடைய கட்டத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருந்தது. பிரிண்ட் எடுத்து, ஸ்கேலை வரிசைக்கு அடியில் வைத்து அம்மா எண்களை வாசிக்க, நான் நோட்டில் எழுதினேன்.

எழுதி முடித்தபோது எனக்கு நிஜமாகவே மலைப்பாக இருந்தது. 2016-ல் ஜெயலலிதா இங்கே 97,218 வாக்குகள் வாங்கி 39,545 வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த ஆண்டே இரட்டை இலைக்கு 48,306 தான். தினகரனுக்கு 89,013, வித்தியாசம் 40,707. 24,651 வாங்கிய தி.மு.க. டெபாசிட் இழந்தது. அதே தி.மு.க. 2021-ல் 40 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் தொகுதியை எடுத்தது. மூன்று தேர்தலில் மூன்று சின்னங்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே வித்தியாசம். எங்கள் பூத்தும் மூன்று தடவையும் தொகுதியோடுதான் போயிருந்தது. ஆனால் அதே பள்ளியில் பக்கத்து அறையில் இருந்த பூத் ஒரு தடவை வேறு மாதிரி போட்டிருந்தது. வட சென்னையை யாருடைய கோட்டை என்று சொன்னாலும் இனி நான் நம்ப மாட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. 14 இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்தே காட்டும் 'டோட்டலைசர்' கருவியை 2008-லேயே தேர்தல் ஆணையம் முன்வைத்தது. 2015-ல் சட்ட ஆணையமும் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. என்னைப் போன்றவர்கள் பூத் கணக்கைப் படிக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை, அது வர வேண்டும். தண்ணீர் கேட்டுப் போன இடத்தில் இப்படி ஒரு பதிலை இன்னொரு அம்மா கேட்கக் கூடாது.

"ஆளு பேரு அதுல இல்லியே?" என்று அம்மா கடைசியாக ஒருமுறை கேட்டார். தாள்களை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலை குடிநீர் வாரியத்தின் 1916-க்கு அவரே பேசினார். புகார் எண்ணை அந்தப் பிரிண்டின் பின்பக்கத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்.