139கியூஎம்பி ஸ்கூட்டரில் டேப்பெட் வைத்தது: லாக் நட்டுக்கு மூன்று முறை

டேப்பெட் அளவு, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, ஒருவழியாக நின்றுவிட்டது. இன்டேக் வால்வுக்கு (உள்ளே இழுப்பது) 0.08 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு (புகையை வெளியே விடுவது) 0.10 மி.மீ. கிராங்கைக் கையால் இருபது சுற்று சுற்றிவிட்டு மறுபடி பார்த்தபோதும் அதே அளவுதான். இதற்கு முன் இரண்டு முறை வைத்து, இரண்டு முறையும் அளவுத் திருகைப் பூட்டும் லாக் நட்டு இறுகியதும் அளவு ஓடிவிட்டது. அது ஏன் ஓடுகிறது, எப்படிப் பிடித்து வைப்பது என்பதைத்தான் இங்கே முக்கியமாக எழுதுகிறேன். மூடியைக் கழற்றி மாட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை.

இன்ஜின் ஜிஒய்6 குடும்பத்து 50 சிசி. 139 என்பதில் 1 ஒற்றை சிலிண்டரையும், 39 போரையும் (சிலிண்டரின் உள்விட்டம், மி.மீ.) குறிக்கும். ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 41.4 மி.மீ., கொள்ளளவு 49.5 சிசி. தைவான், சீனத் தயாரிப்பான எத்தனையோ சின்ன ஸ்கூட்டர்களில் பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான். குளிர்காலம் முழுக்க நின்ற வண்டி, செல்ஃப் போட்டால் சுற்றும், பிடிக்காது. பிடித்தாலும் ஆக்சிலரேட்டரை விட்டதும் அணைந்துவிடும்.

இந்த அறிகுறியைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். பிறகு குளிரில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் ஆட்டோ சோக்கை மாற்றுகிறார்கள், பிறகு புது கார்புரேட்டரே வாங்குகிறார்கள். ஆட்டோ சோக்கைச் சோதிப்பது எளிது: கழற்றி 12 வோல்ட் கொடுத்தால் சில நிமிடத்தில் சூடேறி ஊசி மெல்ல வெளியே நீள வேண்டும். இந்த வண்டியில் நீண்டது. அப்படியானால் அடுத்துப் பார்க்க வேண்டியது வால்வு. ஒரு ரூபாய்ச் செலவில்லாத சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது எனக்குப் புரிவதே இல்லை.

டேப்பெட் என்றாலே "டக் டக்" சத்தம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆபத்து சத்தம் போடாத டேப்பெட்டில்தான் இருக்கிறது. வால்வு முகமும் அது மூடி உட்காரும் சீட்டும் தேயத் தேய வால்வு சிலிண்டர் ஹெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது. அதன் தண்டு ராக்கரை நோக்கி ஏறுகிறது, இடைவெளி குறைகிறது, சத்தமும் குறைகிறது. வண்டி நன்றாக ஓடுவதுபோல் தோன்றும். இடைவெளி போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். குளிரில் பிடிக்காததும் ஐடிலில் அணைவதும் இதனால்தான். எக்ஸாஸ்ட் வால்வுக்கு இன்னொரு கேடும் உண்டு. அதன் சூட்டின் பெரும்பகுதி இறங்குவது சீட்டைத் தொட்டு மூடியிருக்கும் நேரத்தில்தான். சரியாக உட்காராத வால்வு சூட்டை இறக்க வழியில்லாமல் விளிம்பில் கருகும். தளர்ந்த டேப்பெட் சத்தம் போடும், வால்வு திறக்கும் உயரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். இறுகிய டேப்பெட் ஹெட்டையே கேட்கும்.

இந்த வண்டியில் இன்டேக்கில் 0.05 ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. எக்ஸாஸ்ட்டில் அதே தகடு நுனிகூடப் போகவில்லை. காரணம் கிடைத்துவிட்டது.

நாம் உட்காரும் சீட்டுக்குக் கீழிருக்கும் சாமான் பக்கெட்டைத் தூக்கினால் வால்வு கவர் தெரியும். சிலிண்டர் ஏறக்குறைய படுத்திருப்பதால் மேலே கார்புரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக், கீழே சைலன்சர் பக்கம் இருப்பது எக்ஸாஸ்ட். கவரின் கீழ் உதட்டில் ஆயில் தேங்கி நிற்கும், துணி வைத்துக்கொண்டு திறக்கவும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். நான் ஒரு ராத்திரி விட்டுத்தான் தொட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் (16 மி.மீ. சாக்கெட்) கிராங்க் விரலுக்கே சுற்றும். வலப்பக்க ஃபேன் கவரை எடுத்து, ஃபேனைக் கையால் கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். ஃபேன் இதழில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்ப வேண்டாம், பிளாஸ்டிக் உடையும்.

ஃபேனுக்குப் பின்னால் உள்ள ஃப்ளைவீலில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' கோடு கேஸில் இருக்கும் குறிக்கு நேராக வர வேண்டும். அருகிலேயே 'எஃப்' கோடும் இருக்கலாம், அது இக்னிஷனுக்கானது. 'டி' நேராக வந்தாலும் பாதி வாய்ப்புதான், ஏனென்றால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று முடிப்பதற்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும். கேம் ஸ்ப்ராக்கெட்டின் பெரிய துளை வெளிப்பக்கம், அதாவது சிலிண்டரிலிருந்து விலகி நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு சின்னத் துளைகளும் ஹெட்டின் விளிம்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பெரிய துளை உள்ளே போயிருந்தால் இன்னொரு முழுச் சுற்று. அந்தத் தவறான நிலையில் இரண்டு வால்வும் லேசாகத் திறந்திருக்கும். அங்கே "இறுக்கமாக இருக்கிறது" என்று நினைத்துத் தளர்த்தியவர்களின் வண்டிதான் பிறகு தையல் மிஷின்போல் சத்தம் போடுகிறது.

இனி லாக் நட். நட்டு 9 மி.மீ., நடுவே நிற்கும் திருகின் தலை 3 மி.மீ. சதுரம். திருகைக் கடிகாரச் சுற்றில் திருப்பினால் இடைவெளி குறையும். திருகின் புரி இடைவெளி 0.5 மி.மீ. என்றால் முழுச் சுற்றுக்கு அரை மில்லி நகரும். 0.10-க்கு 72 டிகிரி. 0.02 தவறு வருவதற்கு 15 டிகிரிகூட வேண்டாம், கடிகாரத்தின் பெரிய முள் இரண்டரை நிமிடத்தில் நகரும் தூரம்தான் அது. கை நடுங்கினாலே போதும்.

முதல் முறை சதுரத் தலையை மூக்குப் பிளையரால் பிடித்தேன். நட்டு இறுகும்போது உராய்வால் திருகையும் தன்னோடு கடிகாரச் சுற்றில் இழுத்தது. 0.10 வைத்தது 0.06 ஆகிவிட்டது, தலையின் மூலையும் லேசாக மழுங்கியது. பிளையர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

இரண்டாம் முறை 3 மி.மீ. சதுரக் குழி உள்ள டேப்பெட் கீ, 9 மி.மீ. ரிங் ஸ்பேனர். திருகு இம்மியும் சுழலவில்லை, நன்றாகப் பார்த்தேன். ஆனாலும் 0.10 வைத்தது 0.13 ஆனது. திருகு சுழலாமல் இடைவெளி எப்படிக் கூடும்? திருகின் புரிக்கும் ராக்கரின் புரிக்கும் நடுவே சிறிய ஆட்டம் இருக்கிறது. நட்டைத் தளர்த்தி வைத்திருக்கும்போது திருகு அந்த ஆட்டத்தில் கீழே இறங்கி நிற்கிறது. நட்டு இறுகியதும் அது திருகை மேலே தூக்கி, ஆட்டத்தை எடுத்துவிடுகிறது. தூக்கிய அளவு இடைவெளியில் கூடுகிறது.

ஆக, நட்டு செய்கிற வேலை இரண்டு. இழுத்துச் சுழற்றி இடைவெளியைக் குறைக்கிறது, மேலே தூக்கி இடைவெளியைக் கூட்டுகிறது. கீ போட்டுப் பிடிப்பது முதலாவதை மட்டுமே தடுக்கும். "0.02 கூடுதலாக வைத்து இறுக்கு" என்று சிலர் சொல்லும் குறுக்குவழி ஒருவர் கையில் பலித்து இன்னொருவர் கையில் பலிக்காமல் போவதும் இதனால்தான்.

மூன்றாம் முறை செய்தது இப்படி. நட்டை முழுதாகத் தளர்த்தவில்லை. திருகு கீயில் சற்றுக் கனத்தோடு சுழலும் அளவுக்கு நட்டை மெல்ல இறுக்கி வைத்தேன். அந்தப் பிடியிலேயே புரியின் ஆட்டம் எடுபட்டுவிடும். நட்டின் அடிமுகத்தைத் துடைத்து ஒரு சொட்டு ஆயில் விட்டேன், உராய்ந்து இழுப்பது குறையும். தகட்டை உள்ளே வைத்து, கனமாகச் சுழலும் திருகை நகர்த்தி அளவைப் பிடித்தேன். தகடு இழுக்கும்போது வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல் ஒரு மெல்லிய பிடி தெரிய வேண்டும். பிறகு தகடு உள்ளே இருக்கும்போதே நட்டைக் கால் பங்கு இறுக்கி, தகட்டை இழுத்துப் பார்த்து, மீதியை இறுக்கினேன். எக்ஸாஸ்ட் முதல் முயற்சியிலேயே நின்றது. இன்டேக் ஒரு முறை 0.01 நகர்ந்தது, திருத்திவிட்டேன். நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் தேவையில்லை. சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு வலு போதும்.

தகட்டைப் பற்றி ஒன்று. இடம் குறுகல், நீளத் தகடு நேராக நுழையாது, எனவே நுனியை வளைக்க வேண்டியிருக்கும். வளைவு ராக்கரில் உரசினால் பொய்யான பிடி காட்டும். "பிடிக்கிறது" என்ற உணர்வை மட்டும் நம்பாமல் 0.10 போக வேண்டும், 0.13 போகக் கூடாது என்று இரு பக்கமும் சோதித்தேன். வட அமெரிக்கக் கடைகளில் அங்குல செட்தான் எளிதாகக் கிடைக்கும்: 0.003 அங்குலம் 0.076 மி.மீ., 0.004 அங்குலம் 0.102 மி.மீ., 0.005 அங்குலம் 0.127 மி.மீ. இந்த மூன்று தகடு போதும், செட்டின் மற்ற இருபதும் இந்த வண்டிக்கு வேண்டாம். திருகின் நுனி நாள்பட்டுக் குழிந்திருந்தால் தகடு குழியின் மேல் பாலம்போல் நிற்கும், உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்கும். அளவு சரியாக இருந்தும் சத்தம் போகவில்லையென்றால் திருகை வெளியே எடுத்து நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். புதுத் திருகும் நட்டும் மலிவு.

உதிரிபாகம் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. 139கியூஎம்பி ஹெட்டில் 64 மி.மீ. வால்வு, 69 மி.மீ. வால்வு என இரண்டு வகை உண்டு. "50 சிசி ஜிஒய்6 வால்வு" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அது வரும். பழைய வால்வை அளந்துவிட்டு ஆர்டர் செய்யவும். எனக்கு ஒரு ஆன்லைன் கடையிலிருந்து தவறான நீளம் வந்து, திருப்பி அனுப்பவே மூன்று வாரம் போனது. அடுத்து ஹெட்டை இறக்கி எக்ஸாஸ்ட் வால்வை லேப்பிங் செய்யும் (பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்தும்) எண்ணம். இவ்வளவு இறுகியிருந்த வால்வின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கான நைஸ் பேஸ்டும் ஹெட் கேஸ்கெட்டும் வந்துவிட்டன, 69 மி.மீ. வால்வுதான் வர வேண்டும்.

கவர் இன்னும் மாட்டவில்லை. ரப்பர் கேஸ்கெட் பள்ளத்தில் சதுரமாக இறுகிப்போயிருக்கிறது, பழையதையே போட்டால் கீழ் உதட்டில் ஆயில் கசியும். புதியது நாளை வரும். அதன் எம்6 போல்ட்டுகளை (8 மி.மீ. தலை) குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும், 10 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் அலுமினியப் புரி உருவிக்கொண்டு வரும். அதுவரை ஹெட்டின் மேல் சுத்தமான துணி மூடியிருக்கிறது. கவர் ஏறியதும் ஐடிலை மறுபடி வைக்க வேண்டும். இறுகிய வால்வோடு ஓடட்டும் என்று யாரோ ஐடில் ஸ்க்ரூவை நன்றாக உள்ளே ஏற்றி வைத்திருக்கிறார்கள். இப்போது கம்ப்ரஷன் திரும்பியிருப்பதால் அப்படியே ஸ்டார்ட் செய்தால் கிளட்ச் பிடித்து ஸ்டாண்டிலேயே பின்சக்கரம் சுற்றும். முதலில் ஸ்க்ரூவை இரண்டு சுற்று வெளியே எடுத்துவிட்டு, சூடேறிய பிறகு 1,800 ஆர்பிஎம் பக்கம் கொண்டுவர வேண்டும். 500 கிலோமீட்டரில் எக்ஸாஸ்ட்டை மட்டும் மறுபடி திறந்து பார்ப்பேன். அதற்குள் 0.10 என்பது 0.08-க்கு வந்துவிட்டால், சீட் வேகமாகத் தேய்கிறது என்று அர்த்தம். லேப்பிங் வேலையை அன்றே ஆரம்பித்துவிடுவேன்.