செங்கால் நிலைக்கு ஒரு புதுக் கதவு

பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பழைய வரிசை வீட்டின் நடு அறைக் கதவைக் கறையான் உள்ளிருந்தே தின்றிருந்தது. விரலால் அழுத்தியபோது சாயப்பூச்சு மட்டும் காகிதம்போல் உள்வாங்கியது. கதவைத் தாங்கும் நிலையோ செங்கால் என்ற கெட்டியான மலேசிய மரம் என்பதால் கறையான் அதைத் தொடவே இல்லை. எனவே நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் நானே மாற்றத் துணிந்தேன்.

அளவெடுக்காமல் கடைக்குப் போய், எல்லாரும் வாங்கும் 2 அடி 8 அங்குலக் கதவை, அதாவது 813 மில்லிமீட்டர் அகலத்தில், வாங்கி வந்தது என் தவறு. நிலையின் உள் அகலம் மேலே 809, நடுவில் 806, கீழே 801 மில்லிமீட்டர் என்று வீட்டில் அளந்த பிறகுதான் தெரிந்தது. நல்லவேளையாக அது கனமான நியாத்தோ மரக் கதவு. உள்ளே வெற்றிடம் உள்ள கதவாக இருந்திருந்தால், ஓரத்தில் இருக்கும் மெல்லிய சட்டத்தை இவ்வளவு இழைத்திருக்க முடியாது.

தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா இழைப்புளியைக் கொடுத்துவிட்டு, "கோணலை நிமிர்த்தப் போகாதே தம்பி, நிலை எப்படி நிற்கிறதோ அப்படியே கதவைச் செய்" என்றார். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்ததில் கீல் பக்கத்து நிலைக்கால் நேராக நின்றது. சாய்ந்திருந்தது பூட்டுப் பக்கம்தான். அதனால் கீல் பக்கத்தில் ஒரே சீராக 5 மில்லிமீட்டரும், பூட்டுப் பக்கத்தில் மேலே 5, கீழே 13 என்று சரிவாகவும் இழைத்தேன். இருபுறமும் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதால், அதே கனமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டை ஓரம் முழுவதும் நுழைத்து நுழைத்துச் சரிபார்த்தேன். மூடும்போது கதவின் விளிம்பு நிலையில் இடிக்காதிருக்கப் பூட்டுப் பக்க ஓரத்தை உள்நோக்கி 2 மில்லிமீட்டர் சாய்க்க வேண்டும். மாமா சொல்லியிராவிட்டால் இதை நான் விட்டிருப்பேன்.

கீலுக்கான இடத்தைக் கதவில் அளந்து குறிக்கவில்லை. கதவை ஆப்பு வைத்து நிலைக்குள் நிறுத்தி, பழைய கீல் பள்ளங்களுக்கு நேராகக் கத்திமுனையால் கோடு கீறி, உளியால் செதுக்கினேன். புதுக் கீலின் தகடு பழையதைவிட மெல்லியது. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி அடியில் வைத்ததும் மட்டம் சரியானது. தளர்ந்திருந்த பழைய திருகுத் துளைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்தேன். அவை காய்ந்தபின் புதிதாகத் துளையிடாமலே பித்தளைத் திருகாணியை முறுக்கியதில் அதன் தலை கையோடு வந்துவிட்டது. செங்கால் அவ்வளவு கெட்டி. அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் துளையிட்டு, இரும்புத் திருகாணியில் மெழுகு தேய்த்து முதலில் வழி செய்து, அதைக் கழற்றிப் பித்தளையை இறக்கினேன்.

கதவு வழுக்கிக்கொண்டு மூடியது, அக்டோபர் மழை தொடங்கும்வரை. முகங்களுக்கு மட்டும் வார்னிஷ் அடித்து, யார் கண்ணிலும் படாத மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அப்படியே விட்டிருந்தேன். அவ்வழியாக ஈரம் ஏறி மேல் மூலை நிலையில் சிக்கிக்கொண்டது. ஜனவரி வெயிலில் கதவைக் கழற்றி, 1 மில்லிமீட்டர் இழைத்து, இரண்டு ஓரங்களுக்கும் இருமுறை வார்னிஷ் பூசி மறுபடியும் மாட்டினேன். ஒன்பது திருகாணிகளும் மெழுகின் புண்ணியத்தால் சிரமமின்றிக் கழன்று, சிரமமின்றியே ஏறின. தலை ஒடிந்த பத்தாவது இன்றும் நிலைக்குள்தான் இருக்கிறது.